விண்டோஸ் நிறுவலும் லைசென்ஸ் கீயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் போனில் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். திரையில் வரும் பிழை எண்களுக்கு முன்னால் ‘சைபர் எக்ஸ்’ என்று ஒன்று எப்போதும் இருக்கும். அதை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதியிருக்கிறேன். கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் கீ, கீங்கறாங்க. லேப்டாப் பெட்டியைக் கொட்டிப் பாத்துட்டேன், ஒண்ணுமே இல்லையே?

பெட்டியில் இருக்காது. கீ என்பது விண்டோஸுக்கு உரிமம் இருக்கிறது என்று காட்டும் 25 எழுத்து. ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் கோடு போட்டிருப்பார்கள். விண்டோஸ் 7 காலம் வரை அதை ஸ்டிக்கரில் அச்சிட்டு லேப்டாப்பின் அடியிலோ பேட்டரிக்குக் கீழேயோ ஒட்டினார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, தொழிற்சாலையிலேயே மதர்போர்டின் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடி கணினியைக் கிளப்பும் மென்பொருள்) அதை எழுதிவிடுகிறார்கள். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கீ இருக்காது.

அசெம்பிள் செய்த கணினி என்றால் கதை வேறு. விண்டோஸைத் தனியாக வாங்கியிருந்தால் அட்டையிலோ ஈமெயிலிலோ கீ இருக்கும். தனியாக வாங்கிய நினைவே இல்லை, பில்லிலும் இல்லை என்றால், பெரும்பாலும் கடையில் சும்மா போட்டுக் கொடுத்ததுதான். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

ஃபார்மட் பண்ணினா லைசென்ஸ் போயிடுமா?

போகாது. ஃபார்மட் அழிப்பது டிஸ்க்கை. கீ இருப்பது மதர்போர்டில். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டாலும் இதே பதில்தான். நிறுவும்போது விண்டோஸே பயாஸில் இருக்கும் கீயைப் படித்துக்கொள்ளும், இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், அதாவது லைசென்ஸ் சரி என்று மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும். ஒருவேளை கீ கேட்டு நின்றால் ‘ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ’ என்பதை அழுத்தித் தாண்டுங்கள்.

ஆனால் முன்பு இருந்த அதே எடிஷனைத்தான் (ஹோம், ப்ரோ போன்ற விண்டோஸ் வகை) போட வேண்டும். நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் நிறைய ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ எடிஷனோடு வருகின்றன. பட்டியலில் ஹோம் தனி, ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் தனி. பெயர் பாதி ஒத்துப்போகிறது என்று ஹோமைத் தேர்ந்தெடுத்தால் ஆக்டிவேட் ஆகாது. அதனால் ஃபார்மட்டுக்கு முன்னால் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் கையிலிருந்து வாங்கியதும் இதை எடுக்காமல் வேலையில் இறங்கும் சர்வீஸ் ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அரை நிமிட வேலை.

என்கிட்ட இருக்கறது எந்த வகை லைசென்ஸ்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர், ஓர் இடைவெளி, ஸ்லாஷ், டி-எல்-ஐ (dli) என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில விநாடிகள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், மறுபடி மறுபடி தட்டாதீர்கள். அப்புறம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வரும். அதில் இரண்டாவது வரியின் கடைசியில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

‘ஓஇஎம்’ என்று இருந்தால் லைசென்ஸ் கணினியோடு வந்தது, அந்த மதர்போர்டோடே முடியும். ‘ரிடெயில்’ என்றால் கடையில் தனியாக வாங்கியது. பழைய கணினியில் நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ‘வால்யூம்’ என்றால் நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது. வீட்டுக் கணினியில் வால்யூம் என்று கண்டால் யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

அதே பெட்டியில் கீயின் கடைசி ஐந்து எழுத்தும் தெரியும். 3-வி-6-6-டி (கடைசி எழுத்து T) என்று ப்ரோவிலோ, 8-ஹெச்-வி-எக்ஸ்-7 என்று ஹோமிலோ முடிந்தால், அது உங்கள் சொந்தக் கீ அல்ல. நிறுவுவதற்கென்று மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பொதுக் கீ. லட்சக்கணக்கான கணினிகளில் இதே ஐந்து எழுத்துதான் இருக்கும். இதோடு ஆக்டிவேட் ஆகியிருந்தால் உங்களுடையது டிஜிட்டல் லைசென்ஸ். அதாவது உங்கள் கணினியின் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கிறது, எழுதி வைக்க வேண்டிய கீ என்று எதுவும் இல்லை. ‘கீ ஃபைண்டர்’ மென்பொருள் போட்டு இந்தப் பொதுக் கீயை எடுத்து டைரியில் பத்திரமாக எழுதி வைத்தவர்கள் நிறையப் பேர். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆக்டிவேட் பண்ணாமலே ஓட்டினா என்ன ஆகும்?

ஓடும். திரையின் வலது கீழ் மூலையில் மங்கலாக ஒரு வரி நிற்கும், வால்பேப்பர், நிறங்கள் போன்றவற்றை செட்டிங்ஸில் மாற்ற முடியாது. பாதுகாப்பு அப்டேட்கள் வரும். லைசென்ஸ் விதிப்படி இது சரியல்ல. ஆனால் கிராக் (லைசென்ஸ் இருப்பதாக விண்டோஸை ஏமாற்றும் மென்பொருள்) போட்டு அந்த வரியை மறைப்பதைவிட, லைசென்ஸ் வாங்கும் வரை அந்த வரியோடே ஓட்டுவது கணினிக்கு எவ்வளவோ நல்லது.

கீயைச் சரியாத்தான் அடிக்கறேன், செல்லாதுன்னே வருது.

முதலில் எழுத்தைப் பாருங்கள். இந்தக் கீகளில் ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் வராது. எல், எஸ், இசட் ஆகியவையும், 0, 1, 5 ஆகிய எண்களும் வராது. எனவே பூஜ்யமா ஓ-வா என்று யோசிக்கவே வேண்டாம், இரண்டும் இல்லை. நீங்கள் பார்ப்பது க்யூ அல்லது டி. இசட் மாதிரி இருந்தால் அது 2. நிஜமாகக் குழப்புபவை பி-யும் 8-உம், ஜி-யும் 6-உம், தேய்ந்த ஸ்டிக்கரில் வி-யும் ஒய்-யும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எழுத்து சரியாக இருந்தும் சி004எஃப்050 என்று வந்தால், பெரும்பாலும் எடிஷன் பொருத்தம்தான் பிரச்சினை. ப்ரோ கீயை ஹோமிலோ, ஹோம் கீயை ப்ரோவிலோ அடித்துக்கொண்டிருப்பீர்கள். கீ தவறு என்றுதான் திரை சொல்லும். உண்மையில் கீ நன்றாகத்தான் இருக்கும், அதை ஏற்க வேண்டிய எடிஷன்தான் உள்ளே இருக்காது.

ஐஎஸ்ஓ ஃபைலை பென்டிரைவ்ல காப்பி பண்ணினா ஒரு ஃபைல் மட்டும் ஏற மாட்டேங்குது.

ஐஎஸ்ஓ என்பது விண்டோஸ் நிறுவல் முழுவதையும் அடக்கிய ஒரே ஃபைல். அதற்குள் ஏறாமல் நிற்பது இன்ஸ்டால் டாட் விம் என்ற ஃபைலாக இருக்கும். 4 ஜிபிக்கு மேல் போய்விட்டால், ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஏறாது. கையால் காப்பி செய்யாமல் மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூலையோ, நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருளையோ பயன்படுத்துங்கள். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு புகார்: ‘இன்ஸ்டால் பாதி ஆகி ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்குது.’ ரீஸ்டார்ட் ஆனபோது கணினி மீண்டும் பென்டிரைவிலிருந்தே பூட் ஆகிவிட்டது, அதாவது கிளம்பிவிட்டது. முதல் ரீஸ்டார்ட்டில் பென்டிரைவை உருவிவிடுங்கள்.

“இந்த டிஸ்க்ல விண்டோஸ் போட முடியாது”ன்னு வருது. ஜிபிடின்னு ஏதோ சொல்லுது.

டிஸ்க்கில் பார்ட்டிஷன்களை (சி, டி என்ற பிரிவுகள்) குறித்து வைக்கப் பழைய முறை எம்பிஆர், புதிய முறை ஜிபிடி. பென்டிரைவ் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) முறையில் பூட் ஆகியிருந்தால் ஜிபிடி டிஸ்க்கைத்தான் ஏற்கும். உங்கள் டிஸ்க் எம்பிஆரில் இருக்கிறது.

டிஸ்க்கில் வேண்டியது எதுவும் இல்லை என்றால், அந்தத் திரையிலேயே எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து, முழு டிஸ்க்கும் ‘அன்அலோகேட்டட் ஸ்பேஸ்’ என்று ஒரே வரியாகத் தெரியும்படி செய்து, அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். விண்டோஸே ஜிபிடியாக மாற்றிக்கொள்ளும். டி டிரைவில் கல்யாண ஆல்பம் இருக்கிறது என்றால் கையை எடுங்கள். ‘சி-யை மட்டும்தானே அழிக்கிறேன்’ என்பது இங்கே செல்லாது, எம்பிஆரிலிருந்து மாற முழு டிஸ்க்கும் காலியாக வேண்டும். பழைய விண்டோஸ் 10 இன்னும் பூட் ஆகிறது என்றால், அதற்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி டேட்டாவை அழிக்காமல் மாற்றிக் கொடுக்கும். அதற்கும் முன்னால் பேக்கப் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

டிரைவ் லிஸ்ட்டே காலியா இருக்கு அண்ணா. புது லேப்டாப், எஸ்எஸ்டி செத்துடுச்சா?

பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிந்தால் சாகவில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு போட்டே வருகிறது. அதற்குரிய டிரைவர் நிறுவல் பென்டிரைவில் இல்லாததால் விண்டோஸுக்கு டிஸ்க் கண்ணில் படாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, ஒரு ஃபோல்டராகப் பென்டிரைவில் போடுங்கள். காலியான அந்தத் திரையில் ‘லோட் டிரைவர்’ அழுத்தி ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடும்போது மட்டும் அப்படிச் செய்யுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் அணைத்தால் அது பூட் ஆகாமல் போகலாம்.

விண்டோஸ் 11-க்கு உங்க கணினி தகுதியில்லைன்னு வருது. எல்லாம் நல்லாத்தானே ஓடுது?

11-க்கு டிபிஎம் 2.0 (ஒரு பாதுகாப்பு அமைப்பு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், அதோடு மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும். பிராசஸர் பட்டியல் தோராயமாக இன்டெல் 8-ஆம் தலைமுறை, ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்குகிறது. அசெம்பிள்டு கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைந்திருப்பது சகஜம். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கிப் பாருங்கள்.

பிராசஸரே பழசு என்றால் ரூஃபஸில் இந்தச் சோதனைகளைத் தாண்டும் வசதி இருக்கிறது. வீட்டில் இருக்கும் இரண்டாவது கணினிக்குச் செய்யலாம், கடைக்கணக்கு எழுதும் கணினிக்கு நான் செய்ய மாட்டேன். அப்படித் தாண்டியவற்றுக்கு அப்டேட் தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. 24ஹெச்2 பதிப்பு வந்தபோது கோர் 2 டுவோ காலத்துப் பிராசஸர்கள் இந்தக் குறுக்கு வழியிலும் பூட் ஆகாமல் போயின.

கடைசியில இன்டர்நெட் கேட்டு நிக்குது. வைஃபை லிஸ்ட்ல ஒரு பேருமே வரலை.

வைஃபை டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, ஹாட்ஸ்பாட் பகுதியில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை இயக்குங்கள். போனின் இன்டர்நெட் லேன் வயர்போல உள்ளே வரும். டேட்டா இழுக்கும், அதனால் போனிலேயே வைஃபையை இணைத்துவிட்டுச் செய்யுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள்களில் இது வேலை செய்யாது.

காசு குடுத்து ப்ரோ கீ வாங்கினேன். ஆனா எடிஷனே கேக்காம ஹோம்தான் ஏறுது.

ஃபார்மட் பற்றிய கேள்வியில் சொன்ன அதே வசதிதான் இங்கே உபத்திரவம். பயாஸில் ஹோம் கீ இருப்பதைப் பார்த்துவிட்டு, உங்களைக் கேட்காமலே ஹோமைப் போடுகிறது. போகட்டும் என்று விடுங்கள். நிறுவி முடித்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘சேஞ்ச் ப்ராடக்ட் கீ’ போய் ப்ரோ கீயைக் கொடுங்கள், ஃபைல்களும் புரோகிராம்களும் அப்படியே இருக்க, ப்ரோவாக மாறிவிடும்.

அங்கே முரண்டு பிடித்தால்: இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். 3-வி-6-6-டி என்று முடியும் அந்தப் பொதுக் கீயை முதலில் கொடுங்கள், எடிஷன் மட்டும் மாறும். ரீஸ்டார்ட் செய்து, இன்டர்நெட்டை இணைத்து, உங்கள் கீயைக் கொடுங்கள். திரும்பிப் போக மட்டும் இப்படி வழி இல்லை. ப்ரோவிலிருந்து ஹோமுக்கு வர மறுபடி நிறுவத்தான் வேண்டும்.

கடையில போட்டுக் குடுத்தாங்க, நல்லாத்தான் ஓடிச்சு. ஆறு மாசம் கழிச்சு ஆக்டிவேட் பண்ணச் சொல்லுது.

ஆறு மாதம் என்றதும் புரிந்துவிடுகிறது. நிறுவனங்களுக்கான கேஎம்எஸ் முறையில் ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும். அலுவலகத்தில் இருக்கும் கேஎம்எஸ் சர்வரை உங்கள் கணினி ஏழு நாளுக்கு ஒருமுறை தேடிப் புதுப்பித்துக்கொள்ளும். அது அலுவலக லேப்டாப் என்றால், வீட்டிலேயே வைத்து ஓட்டியதால் சர்வரைப் பார்க்க முடியாமல் சி004எஃப்074 அல்லது 8007232பி என்று வருகிறது. விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் நுழையும் வழி) இணைத்தால் சரியாகும், இல்லையென்றால் ஐடி பிரிவிடம் சொல்லுங்கள்.

சொந்தக் கணினி என்றால் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு போலி சர்வரை ஓட்டி ஏமாற்றியிருக்கிறார்கள். அதுதான் கிராக். மேலே சொன்ன டி-எல்-ஐ கட்டளையில் ‘வால்யூம்’ என்று காட்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் ஏதாவது, சில சமயம் சி டிரைவ் முழுவதுமே, ‘இங்கே சோதிக்காதே’ என்று சேர்க்கப்பட்டிருக்கும். கிராக் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத் திறந்த வாசல் அது. பின்னால் எந்த வைரஸ் வந்தாலும் அதே வழியாக வரும்.

இதில் என்னை ஆத்திரப்படுத்துவது, இப்படி வரும் லேப்டாப்களில் பலவற்றுக்குக் கிராக்கே தேவையில்லை என்பதுதான். காசு கொடுத்து வாங்கிய அசல் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் லைசென்ஸ் பயாஸில் தூங்கிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் கடையில் எல்லாருக்கும் போடுகிற அதே ப்ரோவைப் போட்டிருப்பார்கள். டேட்டாவை எடுத்து வைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓவால் புதிதாக நிறுவுங்கள். எடிஷன் கேட்காமல் நேராகப் போனால் அசல் லைசென்ஸ் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

ஆன்லைன்ல ஐந்நூறு ரூபாய்க்குக் கீ கிடைக்குதே, வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். அசல் விலை ஆயிரங்களில் இருக்கும்போது ஐந்நூறுக்கு எப்படி வரும்? ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கிய கீயைப் பலருக்குப் பிரித்து விற்பது, உடைத்துப்போட்ட கணினிகளின் கீ, திருட்டு அட்டையில் வாங்கியது என்று பல வழி. முதல் நாள் பெரும்பாலும் வேலை செய்யும், அதனால்தான் விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரம். அந்தக் கீ முடக்கப்பட்டால் சி004சி003, அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டினால் சி004சி008. விற்றவரைத் தேடினால் கடைப் பெயர் மாறியிருக்கும்.

மதர்போர்டு மாத்தினேன். ஆக்டிவேஷன் போயிடுச்சு.

ரேம், எஸ்எஸ்டி மாற்றினால் போகாது. மதர்போர்டு மாறினால் விண்டோஸுக்கு அது வேறு கணினி. 803எஃப்7001 அல்லது சி004எஃப்211 என்று வரும். உங்களுடையது ரிடெயில் லைசென்ஸ் என்றால் திரும்ப வாங்கலாம். ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் அழுத்தி, ‘சமீபத்தில் இந்தக் கணினியின் ஹார்டுவேரை மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, பட்டியலில் பழைய கணினியின் பெயரைக் காட்டுங்கள். மாற்றுவதற்கு முன்பே லைசென்ஸைக் கணக்கோடு இணைத்திருந்தால்தான் அது பட்டியலில் வரும். இந்த வசதி 2016 ஆகஸ்டில் வந்த அப்டேட்டிலிருந்து இருக்கிறது, ஆனால் மதர்போர்டு போன பிறகுதான் பலருக்கும் ஞாபகம் வருகிறது.

லேப்டாப்பில் நிறுவனமே வாரண்டியில் போர்டு மாற்றியிருந்தால், புதிய போர்டில் கீயை எழுதிக் கொடுக்க வேண்டியது அவர்கள் வேலை. ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் சர்வீஸ் ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய விண்டோஸ் 7 கீ வெச்சு 11 போடலாமா?

இப்போது முடியாது. இலவச மாற்றம் 2016 ஜூலை 29-உடன் முடிந்ததாக அறிவித்தார்கள், ஆனாலும் 7, 8 கீகளைப் பல வருடம் ஏற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். 2023 செப்டம்பரில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே அதே கணினியில் 10-க்கு மாறியிருந்தால் டிஜிட்டல் லைசென்ஸ் பதிவாகியிருக்கும், அது செல்லும். 10-இன் லைசென்ஸ் அதே எடிஷன் 11-க்கும் செல்லும், தனிக் காசு இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

கீ, எடிஷன், நெட் எல்லாம் சரி. ஆனா ஆக்டிவேட் ஆகலை, வெப்சைட்டும் பாதி திறக்கலை.

மூலையில் தேதியைப் பாருங்கள். நாலைந்து வருடத்துக்கு முந்தைய தேதி காட்டினால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு எதுவும் அமையாது, ஆக்டிவேஷன் சர்வரும் அதில் அடக்கம். தேதியையும் நேர மண்டலத்தையும் திருத்தினால் அப்போதே ஆக்டிவேட் ஆகிவிடும். பேட்டரியை மாற்றாவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் மறுபடி பழைய தேதிக்கே போகும்.

பயாஸ்ல எதையோ மாத்தினேன். இப்போ 48 நம்பர் கீ கேக்குது. என் கீ 25 எழுத்துதானே?

இது லைசென்ஸ் கீயே அல்ல. டிஸ்க்கை பிட்லாக்கர் பூட்டியிருக்கிறது, அதைத் திறக்கும் ரெக்கவரி கீ இது. டிபிஎம், செக்யூர் பூட் அமைப்பை மாற்றினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ கேட்கும். ‘நான் எதையும் பூட்டவில்லையே’ என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக அமைக்கும் கணினிகளில், ஹோம் எடிஷனிலும்கூட, அதுவாகவே பூட்டிக்கொள்கிறது.

நல்ல வேளையாக, அப்படிப் பூட்டும்போது கீயை அதே கணக்கில் சேமித்தும் வைக்கிறது. போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் கணினியின் பெயருக்குக் கீழே பிட்லாக்கர் கீயைப் பாருங்கள். பல கீ இருந்தால் நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்து எதோடு பொருந்துகிறதோ அதுதான். லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தவர் தன் ஈமெயிலைப் போட்டிருந்தால் கீ அவர் கணக்கில் இருக்கும், அவரைப் பிடியுங்கள். எங்குமே கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் ஃபைல்களை எந்தக் கடையாலும் மீட்க முடியாது. ஃபார்மட் செய்து புதிதாக நிறுவலாம், விண்டோஸ் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

கணினியை விக்கப் போறேன். லைசென்ஸை மட்டும் நான் எடுத்துக்கலாமா?

ஓஇஎம் என்றால் முடியாது, வாங்குபவருக்கே போகும். அதைச் சொல்லி விலையில் கொஞ்சம் கூடக் கேட்கலாம். ரிடெயில் என்றால் எடுத்துக்கொள்ளலாம். முதலில் கீ கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஸ்-எல்-எம்-ஜி-ஆர், இடைவெளி, ஸ்லாஷ், யூ-பி-கே (upk) என்ற கட்டளையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் கொடுங்கள். கீ நீங்கிவிடும். பிறகு ரீசெட்டில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து டிஸ்க்கைத் துடைத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைசஸ் பட்டியலிலிருந்தும் அந்தக் கணினியை எடுத்துவிட்டு, அப்புறம் கைமாற்றுங்கள்.